ஆமைக்குச் சளி பிடித்த கார்த்திகை

ஆமை மூச்சு விடுகிற சத்தம் யாருக்கும் கேட்காது. கேட்டால் அதற்கு உடம்பு சரியில்லை. இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரிய ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். நாலு வரிக்கு ஒருதரம் கை ஓய்ந்துபோகிறது. ஆனாலும் இதை இன்னொருத்தரை விட்டு எழுதச் சொல்ல மனசு வரவில்லை. தப்பு செய்தது என் கை, எழுதுவதும் அதுவாகவே இருக்கட்டும்.

நான் பிறந்தது எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில். அப்பாவுக்குச் சொந்தக் கட்டுமரம் இருந்தது. அவர் வலையில் ஆமை மாட்டாத வருஷம் கிடையாது. கரையில் இழுத்துப் போட்ட ஆமைமேல் ஏறி உட்கார்ந்து வளர்ந்தவள் நான். முட்டை எங்கே புதைத்திருக்கிறது என்று மணலைப் பார்த்தே சொல்வேன். ஆமையைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித்தருவது என்கிற திமிர் எனக்கு இருந்தது. திமிர் என்று இப்போதுதான் சொல்கிறேன். அப்போது அதை அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மன் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும், என்னைக் கொருக்குப்பேட்டையில் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்குக் கூட்ஸ் வண்டியில் பிரேக் பிடிக்கிற வேலை. கூடூர் வரைக்கும் போய்விட்டு வருவார். போனால் இரண்டு நாளும் ஆகும், நாலு நாளும் ஆகும். ரயில் யார்டை ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில் எங்களுடையது ஒன்று. ஒரே அறை, முன்னால் சின்னத் தாழ்வாரம், பத்து வீட்டுக்கும் பொதுவாகப் பின்னால் ஒரு கிணறு. வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் கரித்துணியாக எடுக்க வேண்டியிருக்கும்.

அந்த வீட்டில் எனக்கு முன்னாலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று மூத்தாளைப் பெற்றவள். மூத்தாள் இருமி இருமிச் செத்துப்போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாளுக்குப் புருஷனும் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. மகள் செத்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். மருமகன் போகச் சொல்லவில்லை. இருக்கும்படியும் சொல்லவில்லை. கண் மங்கிவிட்டது, ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாமே அவளுக்குப் புகைதான். நான் ஆயா என்று கூப்பிடுவேன்.

இன்னொன்று ஆமை. கூடூர்ப் பக்கம் தண்டவாள ஓரத்தில் கிடந்ததை வீட்டுக்காரர் எடுத்து வந்து மூத்தாளிடம் கொடுத்திருக்கிறார். இரண்டு கையைச் சேர்த்தால் அதற்குள் அடங்கும். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடு கோடாக நட்சத்திரம் போட்டிருக்கும். மூத்தாள் செத்தபோது அக்கம்பக்கத்தில் எல்லோரும் அந்தப் பழியையும் ஆமைமேலேயே போட்டார்கள். அது இருக்கிற வீடு விளங்காது என்று என் காதுபடவே பேசினார்கள். வீட்டுக்காரர் அதைத் தூக்கிப்போடவில்லை, மூத்தாள் வளர்த்தது என்பதால். ஆயாவுக்கும் அந்த வீட்டில் இருக்க அது ஒன்றுதான் பிடி. ஆமைக்குக் கீரை கிள்ளிப் போடுவது, பெட்டியைச் சுத்தம் செய்வது, இது அவள் வேலை. அந்த வேலை இருக்கிறவரைக்கும் அவளுக்கு ஒரு மூலை உண்டு.

“இது போற அன்னிக்கு நானும் போறேன். திருவொத்தியூர் கோயில் வாசல்ல குந்திக்கினா ஒருவேளை சோறு கெடைக்காமலா பூடும்?” என்று நான் வந்த முதல் வாரமே சொல்லிவிட்டாள். மிரட்டுகிற குரலில் இல்லை, கடைக்குப் போய் வருகிறேன் என்கிற மாதிரி. சுவரில் ஆணி அடித்து அதில் ஒரு சின்ன மூட்டையைக் கட்டியே தொங்கவிட்டிருந்தாள்.

மூத்தாள் வைத்திருந்தபடியே ஆமையை ஆயா மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு அடுப்பு மூலையில் வைத்திருந்தாள். குடிக்க ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர், அவ்வளவுதான். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா ஆயா, ஆமையைக் கருவாடு மாதிரி காய வெச்சிகினு கீறே?”

“எம் பொண்ணு அப்டித்தாம்மே வெச்சிருந்தா.”

“உம் பொண்ணு கடலப் பாத்தவளா? நான் ஆமை மேல குந்தி வளந்தவ.”

“அதுக்குத் தண்ணி ஒத்துக்காதும்மே.”

“தண்ணி ஒத்துக்காத ஆமையா! நாளைக்கு மீனுக்குக் கொடை புடிப்பே போல கீதே.”

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆயா கீரை கிள்ள எழுந்து உள்ளே போனாள். அவள் பேசாமல் போனதை நான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டேன்.

கிணற்றுப் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட யாரோ எப்போதோ போட்ட கல் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, அரைச் சாண் தண்ணீர் விட்டு ஆமையை அதில் விட்டேன். அது கழுத்தை மேலே நீட்டிக்கொண்டு தொட்டிச் சுவரில் ஏறப்பார்த்தது. நகம் கல்லில் கிறீச்சிடும், சறுக்கி விழும், மறுபடியும் ஏறும். பார்த்தீர்களா, தண்ணீரைக் கண்ட சந்தோஷம் என்று கிணற்றடியில் நின்றவர்களிடம் சொன்னேன். தினமும் காலையில் என் பங்குக்கு இரண்டு குடம் கிணற்றுத் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றுவேன். ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. மேலே மழை, கீழே தொட்டித் தண்ணீர். இப்படி மூன்று வாரம். வீட்டுக்காரர் அந்த நாளில் இருட்டில் வந்து இருட்டில் போனார், தொட்டியைக் கவனிக்கவில்லை.

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மழை கொஞ்சம் விட்டிருந்த காலைவேளை. தாழ்வாரத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த ஆயா தலையைத் தூக்கினாள்.

“யாரும்மே இருமறது?”

“யாரும் இருமலியே.”

“இல்ல, மூச்சுல விசிலடிக்குது.”

யார்டில் இஞ்சின் கத்துகிறது என்றேன். அவள் கேட்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே தொட்டி வரைக்கும் போய் ஆமையை எடுத்துக் காதோடு வைத்தாள்.

“இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்” என்றாள். யாருடைய மூச்சில் கேட்டாள் என்று நானும் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் நான் சரியாகப் பார்த்தேன். மூக்கு ஓட்டை இரண்டிலும் சோப்புத் தண்ணீர் மாதிரி குமிழ். மூச்சு இழுக்கும்போதெல்லாம் மதிலுக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்க்கிறவன்போலக் கழுத்தை நீட்டியது. முன்னங்கால் இரண்டும் உள்ளே போய்ப் போய் வெளியே வந்தன. கண் வீங்கி மூடியிருந்தது. போட்ட கீரை இரண்டு நாளாக அப்படியே மிதந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வயிறு நிறைந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஆயா என்னை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசு ஆறியிருப்பேன். அவளோ ஆணியிலிருந்து மூட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் போய்விட்டால் தேவலை என்று நானும் சில நாள் நினைத்ததுண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஆமையைக் கொன்று அதனால் அவள் தெருவுக்குப் போனாள் என்று ஆகிவிட்டால், அந்த வீட்டில் எப்படி அடுப்பு மூட்டுவேன்?

எனக்குத் தெரிந்த வைத்தியம் குழந்தைக்குச் செய்கிற வைத்தியம். சளி கட்டினால் ஓமமும் சாம்பிராணியும் போட்டுப் புகை காட்டுவோம். தணலை உடைந்த சட்டி ஓட்டில் எடுத்துப் போட்டு, பக்கத்தில் ஆமையை வைத்து, பிரம்புக் கூடையால் மூடினேன். கொஞ்சநேரம் கழித்துக் கூடையைத் தூக்கிப் பார்த்தால் ஆமை வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஆமை வாயைத் திறந்து மூச்சு விட்டு நான் கண்டதில்லை. இன்னும் புகை பத்தவில்லை என்று நினைத்து மறுபடியும் மூடினேன். மறுநாளும் போட்டேன்.

அந்த மறுநாள் மத்தியானம் ஊசியும் பாசிமணியும் விற்கிற குருவிக்காரி ஒருத்தி பழைய சோறு கேட்டு வந்தாள். புகைகிற கூடையைப் பார்த்துக் குனிந்தாள்.

“இன்னா சாமி, உசிரோட பொகை போட்டுக்கினு கீறே? கொழம்பு வெக்கறதுன்னா நேரா வெச்சிட வேண்டியதுதானே. வேணாம்னா என்கிட்ட குடு.”

“வாய அலம்பு. அதுக்குச் சளி. வைத்தியம் பண்றேன்.”

“இதா வைத்தியம்?” அவளே கூடையைத் தூக்கித் தூரப் போட்டாள். “கொழந்தைன்னா இருமும், துப்பும். இதுக்கு இருமத் தெரியுமா சாமி? உள்ள போனது உள்ளயே கெடக்கும். நீ அதுமேல பொகையையும் ஏத்தறே. எங்க வெச்சிருந்தே இத?”

தொட்டியைக் காட்டினேன். அவள் ஆமையைக் கையில் எடுத்துத் திருப்பி, பின்னங்காலை இழுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இது நீஞ்சற காலா? துடுப்பு எங்க? குட்டியானைக் காலாட்டம் கீது பாரு. காட்டுல நடக்கற சாமி இது. சப்பாத்திக்கள்ளிப் பொதர்ல வெயில் காஞ்சிகினு கெடக்கும். இதக் கொண்டாந்து தண்ணியில முக்கிட்டியே.”

கடலாமையின் கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். அதை ஆயிரம் தரம் பார்த்தவள் நான். இந்தக் காலையும் மூன்று மாசமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உருண்டையாக, செதில் செதிலாக, அடியில் நகத்தோடு. பார்த்தேன், அவ்வளவுதான். ஓரெழுத்தும் தெரியாத குருவிக்காரி ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரி காதுபட, ஆயா காதுபட, என் வாசலில் நின்று சொல்லிவிட்டாள். ஆயா சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பாசிமணியைத் தடவிப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே குருவிக்காரி சொன்னாள். ஈரம் படாமல் வை. கீழே சூடு இருக்கட்டும், ஆனால் சுடக்கூடாது, கோழி அடைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கணும். பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வை, மூக்கில் இருப்பது வழியும், திரியால் துடைத்து எடு. வெயில் வந்தால் வெயிலில் வை. நாளுக்கு ஒருதரம் வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைகிற அளவுக்கு உட்காரவைத்து உடனே துடைத்துவிடு, இல்லாவிட்டால் உள்ளே வறண்டுபோகும். “பொழைக்குமா?” என்று ஆயா கேட்டாள். “தை வெயிலப் பாத்துட்டா பொழைக்கும் சாமி” என்று எழுந்து போய்விட்டாள்.

தை வெயிலுக்கு இன்னும் இரண்டு மாசம் இருந்தது.

முதல் வேலையாகக் காய்ந்த துணி வேண்டும். ஒரு வாரமாக மழை. கொடியில், பெட்டியில், சாக்கில் எல்லாம் ஈரம். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயா மூட்டையை அவிழ்த்தாள். அதில் அவளுடைய மாற்றுப்புடவை ஒன்று, ஒரு சீப்பு, அப்புறம் மடித்து வைத்த ஒரு மஞ்சள் சேலை. “இது காஞ்சி கீது” என்று சேலையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். யாருடைய சேலை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் இரண்டு முழம் போதும் என்றேன். அவள் முழுசையும் கிழித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

செங்கல் இரண்டை அடுப்பில் போட்டுச் சுடுவேன். ஒன்றை எடுத்துச் சாக்கில் சுற்றி, மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்துச் சூடு பார்த்து, மேலே சேலைத்துணி போட்டு ஆமையை வைப்பேன். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குக் கைக்குத் தெரியும். “ஆறிப்பூட்சும்மே” என்பாள். அடுத்த செங்கல். விறகு ஈரம், ஊதி ஊதி எனக்கு நெஞ்சு வலிக்கும். புகை ஆமைப்பக்கம் போகாமல் முறத்தால் விசிறவேண்டும். சோறு பாதி வெந்திருக்கும்போது “ஆறிப்பூட்சும்மே.” தலையை முடிந்துகொண்டு இரண்டு நிமிஷம் உட்காரலாம் என்றால் “ஆறிப்பூட்சும்மே.” கார்த்திகை முழுக்க, மார்கழி முழுக்க இந்த ஒரு சொல்தான். என் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட அந்த நாளில் திரும்பியிருக்க மாட்டேன்.

நாலு நாள் கழித்து வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்தார். தொப்பியைக் கழற்றும்போதே பெட்டியைப் பார்த்துவிட்டார்.

“இன்னா ஆச்சு இதுக்கு?”

நான் இடுக்கியால் தணலைக் கிளறினேன். ஆயா இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

“மழை நைனா. இந்த வருஷம் இன்னா மழை, பாத்தே இல்ல? மனுசாளே தாங்கல.”

அவர் குனிந்து அதன் தலையை ஒரு விரலால் தொட்டார். “அவளுக்கும் மழையிலதான் ஆரம்பிச்சுது” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

அவர் காதில் விழாத தூரம் போனதும் கேட்டேன். “ஏன் ஆயா சொல்லல?”

“இன்னாத்த சொல்றது? அவரு ஒரு வார்த்த கேப்பாரு. நீ ரோசக்காரி, கோவிச்சிகினு முகத்துவாரத்துக்குப் பூடுவே. அப்பறம் செங்கல்லு யாரு சுடறது? ஊதும்மே, அணையுது பாரு.”

பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொள்ளக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை. அது எனக்கு உறைத்தது. அழவும் தெம்பில்லை, ஊதினேன்.

மார்கழியில் ஒருநாள் செத்துவிட்டது என்றே நினைத்தோம். காலை நீட்டியபடி அசையாமல் கிடந்தது. ஆயா அதைக் காதில் வைத்துவிட்டு, “விசிலடிக்குது” என்றாள். எந்தச் சத்தத்துக்குப் பயந்தாளோ அதே சத்தம் கேட்டு முகம் தெளிந்ததை அன்றைக்குப் பார்த்தேன்.

தை பிறந்தது. வானம் வெளுத்து, தாழ்வாரத்துச் சுவரில் காலை வெயில் அடித்தது. வெயில் நகர நகரப் பெட்டியையும் நகர்த்தினோம். மூக்கில் குமிழ் குறைந்தது, ஒருநாள் கண்ணைத் திறந்தது. ஆனால் சாப்பிடவில்லை. கீரை வேண்டாம், பூசணிப் பிஞ்சு வேண்டாம், எதுவும் வேண்டாம். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி கனமே இல்லை. இத்தனை பாடும் வீண்தானா என்று எனக்கு ஆயாசமாக இருந்தது.

அப்போதுதான் குருவிக்காரி சொன்ன கள்ளிப்புதர் ஞாபகத்துக்கு வந்தது. தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் சப்பாத்திக்கள்ளி மண்டிக் கிடந்தது. போய் நாலு பழம் இடுக்கியால் பறித்து வந்தேன். முள் பொசுங்க அடுப்பில் வாட்டி, சாக்கில் தேய்த்து, கீறி, ஒரு துண்டை ஆமையின் வாய்க்கு முன்னால் வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். கண் அசந்துவிட்டது.

தொப்பென்ற சத்தம் கேட்டு விழித்தேன். ஆயா பெட்டியின் முன்னால் தரையோடு உட்கார்ந்திருந்தாள். வாய் கோணியிருந்தது. பெட்டியைக் கையால் காட்டினாள். ஆமையின் வாயெல்லாம் சிவப்பு. தாடையில் வழிந்து, கழுத்தில் வழிந்து, கீழே இருந்த துணியில் சொட்டியிருந்தது.

“அவளுக்கும் இப்டித்தாம்மே” என்றாள். “மொதல்ல விசிலு. அப்பறம் இது.”

ஆயாவின் மங்கிய கண்ணுக்குத் தெரிந்தது அந்த நிறம் மட்டும்தான்.

“ரத்தம் இல்ல ஆயா. பழம். கள்ளிப்பழம். துன்னுது ஆயா, அது துன்னுது!”

அவள் நம்பவில்லை. நான் ஒரு துண்டை எடுத்து என் வாயில் போட்டு மென்று, அவள் முகத்துக்கு ஒட்ட வந்து நாக்கை நீட்டினேன். ஒரு முழத்துக்குள் அவளுக்குக் கண் தெரியும். என் நாக்கைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், ஒரு விரலை வைத்து என் தாடையில் வழிந்ததைத் தொட்டுத் தன் நாக்கில் வைத்தாள். இனிப்பு என்று தெரிந்தது.

“கலீஜு புடிச்சவளே” என்றாள். “பயமுறுத்திட்டியேம்மே.”

ஆமை அடுத்த துண்டைக் கடித்தது. அது மெல்லுகிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. ஆயாவும் காதைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தாள், கேட்கவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, அந்தச் சிவந்த வாயோடேயே சொன்னேன். “தொட்டியில போட்டது என் தப்பு ஆயா.” அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இரண்டரை மாசம் ஆகியிருந்தது. இதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, தப்பு என்னுடையது என்று நான் யாரிடமும் அதிகம் சொன்னவள் இல்லை.

“தெரியும்” என்றாள். கறைபட்ட துணியை உருவிவிட்டு, கிழித்து வைத்திருந்த சேலையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து விரித்தாள். மூட்டையில் இனி அவள் சீப்பும் மாற்றுப்புடவையும்தான் மிச்சம். அன்றைக்குப் புடவையைக் கொடியில் போட்டு, சீப்பை மாடத்தில் வைத்துவிட்டாள் என்பதைச் சாயங்காலம்தான் கவனித்தேன்.

பிறகு ஆமையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு வழக்கம்போலச் சொன்னாள்.

“வெயிலு தள்ளிப் பூட்சு. ஆறிப்பூட்சும்மே.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன்.